கப்பல் தந்த கிண்ணம்



சென்ற ஆண்டு நடைபெற்ற பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தந்தையொருவர் எழுந்து நின்றார். "வாத்தியாரையா, என் மகன் மாலையானால் பந்தோடு திடலுக்கு ஓடிவிடுகின்றான். பந்து உதைத்தால் பானையில் சோறு வேகுமா?" என்று வினவினார். கூட்டத்தில் சிரிப்பொலி எழுந்தது. நாமும் சிரித்தோம். ஆயினும், அன்றிரவு அவ்வினா நம்மை உறங்கவிடவில்லை. வெயிலிலும் மழையிலும் செம்பனைக் காட்டில் உழைத்து வரும் ஒருவர், தம் மகனுடைய எதிர்காலத்தை எண்ணிக் கேட்ட வினா அது. சிரித்துத் தள்ளிவிடத் தக்கதன்று.

அதே வாரத்தில், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுப்பில் கையை உயர்த்தி, "ஐயா, மலேசியக் கிண்ணம் என்று சொல்கிறார்களே, அந்தக் கிண்ணத்தை முதலில் யார் வாங்கிக் கொடுத்தார்கள்?" என்று கேட்டான். பெரியவரின் வினாவும் சிறுவனின் வினாவும் வெவ்வேறு திசையில் செல்வனபோல் தோன்றினும், சற்றே ஆராய்ந்தால் அவை ஒன்றையொன்று தொடுவது புலனாகும். எனவே, முதலில் சிறுவனுக்கு விடையளித்து, அவ்வழியே பெரியவரின் வினாவுக்கு வந்து சேர்வோம்.

போர்க்கப்பலும் பால்மரமும்

கிண்ணத்தின் கதை ஒரு போர்க்கப்பலிலிருந்து தொடங்குகின்றது.

நம் நாட்டை ஆங்கிலேயர் ஆண்டு வந்த காலத்தில் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் கூட்டரசு மலாய் மாநிலங்கள் என்ற பெயரில் ஒரே நிருவாகத்தின்கீழ் இருந்தன. 1912ஆம் ஆண்டில், அம்மாநிலங்கள் தம் செலவில் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பலைக் கட்டித் தருவதென முடிவாயிற்று. இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் கட்டப்பெற்ற அக்கப்பல் 1915ஆம் ஆண்டு நீரில் இறக்கப்பட்டது. அதற்கு 'எச்.எம்.எஸ். மலாயா' எனப் பெயர் சூட்டினர். மறு ஆண்டே, முதல் உலகப் போரின் மாபெரும் கடற்போராகிய ஜட்லண்டுப் போரில் அது ஈடுபட்டது. எதிரிகளின் குண்டுகள் பாய்ந்து அதன் மாலுமிகளுள் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கப்பல் மட்டும் மூழ்காமல் கரை சேர்ந்தது.

இவ்விடத்தில் ஒரு கணம் நின்று சிந்திப்போம். அக்கப்பலுக்கான பணம் எங்கிருந்து வந்தது? கூட்டரசு மலாய் மாநிலங்களின் கருவூலத்திலிருந்து வந்தது. அக்கருவூலத்தை நிறைத்த பெரும் செல்வங்கள் ஈயமும் இரப்பருமாகும். ஈயச் சுரங்கங்களில் சேற்றிலும் நீரிலும் நின்று உழைத்தோருள் பெரும்பாலோர் சீனர். விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பால்மரம் சீவியோருள் பெரும்பாலோர் நம் பாட்டன் பாட்டிமார். கப்பலைப் பரிசளித்தது அரசாங்கம் என்று ஏடுகள் எழுதின. அதன் இரும்புத் தகடுகளில் நம் முன்னோரின் வியர்வையும் கலந்திருந்தது என்பதை நாமாவது நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல் வேண்டும்.

1921ஆம் ஆண்டு சனவரி மாதம், தனக்குப் பெயரும் பொருளும் ஈந்த நாட்டைக் காண அக்கப்பல் இங்கு வந்தது. போர்ட் சுவெட்டன்ஹாம், போர்ட் டிக்சன், பினாங்கு, சிங்கப்பூர் முதலிய துறைமுகங்களில் அது நங்கூரமிட்டது. போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அன்று அழைக்கப்பெற்றதே இன்றைய போர்ட் கிள்ளான். கப்பலின் மாலுமிகள் கரையிறங்கி, உள்ளூர்க் கழகங்களோடு காற்பந்து, ரக்பி, ஹாக்கி முதலிய ஆட்டங்களை நட்பு முறையில் ஆடினர். மக்கள் அவர்களை அன்புடன் வரவேற்று உபசரித்தனர்.

கப்பல் திரும்பிச் சென்ற சில திங்களில், அதன் தலைவர் கேப்டன் புல்லர் கூட்டரசு மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலாளருக்கு ஒரு மடல் விடுத்தார். தமக்கும் தம் மாலுமிகளுக்கும் கிடைத்த வரவேற்புக்கு நன்றியாக இரண்டு கிண்ணங்களை வழங்க விரும்புவதாகவும், ஒன்றைக் காற்பந்துக்கும் மற்றொன்றை ரக்பிக்கும் வைத்துக்கொள்ளலாம் என்றும் அதில் குறிப்பிட்டிருந்தார். அவ்வாறு வந்த காற்பந்துக் கிண்ணமே மலாயாக் கிண்ணம். பின்னாளில் மலேசியக் கிண்ணமாக மலர்ந்த போட்டியின் தாய் அதுவே.

முதல் ஆட்டம்

கிண்ணம் வந்தவுடன் பல கழகங்களின் பேராளர்கள் கூடி ஒரு குழுவை அமைத்தனர். போட்டியை நடத்தும் பொறுப்பு முதற்கண் சிலாங்கூர் கிளப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆறு அணிகள் களமிறங்கின. பினாங்கு, பேராக், சிலாங்கூர் ஆகியவை வடபிரிவிலும், நெகிரி செம்பிலான், மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை தென்பிரிவிலும் இடம்பெற்றன. வடபிரிவின் வெற்றியாளரும் தென்பிரிவின் வெற்றியாளரும் இறுதியாட்டத்தில் மோதுவது என்பது ஏற்பாடு. நெடுஞ்சாலைகள் இல்லாத அக்காலத்தில் ரயிலிலும் கப்பலிலும் நெடுந்தொலைவு பயணம் செய்தே ஆட்டக்காரர்கள் ஆட வேண்டியிருந்தது. அண்டை மாநிலங்களோடு முதலில் ஆடும் இவ்வேற்பாடு எத்துணைப் பொருத்தமானது என்பது எளிதில் விளங்கும்.

1921ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், கோலாலம்பூரில் முதல் ஆட்டம் நடைபெற்றது. சிலாங்கூர் 5-1 என்ற கோல் கணக்கில் பினாங்கை வென்றது. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் திரண்டு கண்டு களித்தனர். அவ்வாண்டின் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 2-1 என்ற கோல் கணக்கில் சிலாங்கூரை வீழ்த்தி முதற் கிண்ணத்தைத் தட்டிச் சென்றது.

கோலாலம்பூரில் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்துக்கு எதிரே உள்ள சிலாங்கூர் கிளப் திடலே அவ்வாட்டங்கள் நடைபெற்ற களம். பள்ளிச் சுற்றுலாவின்போது நீங்கள் நின்று படம் பிடித்துக்கொண்ட மெர்டேக்கா சதுக்கம் அதுதான். 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கி நம் நாட்டுக் கொடி ஏறியதும் அதே மண்ணில்தான்.

போட்டி நின்ற ஆண்டுகள்

1921ஆம் ஆண்டு தொடங்கி 1941ஆம் ஆண்டு வரை போட்டி ஆண்டுதோறும் இடையறாது நடந்தது. 1941ஆம் ஆண்டு டிசம்பரில் சப்பானியப் படைகள் நம் நாட்டில் புகுந்தன. அதன்பின் ஆறாண்டுகள், அதாவது 1942 முதல் 1947 வரை, கிண்ணப் போட்டி நடைபெறவில்லை. கிண்ணம் நின்றதா ஓடியதா என்று எண்ணிப் பார்க்கும் நிலையில் அன்று எவரும் இல்லை. தோட்டத்துத் தமிழர் பல்லாயிரவர் சயாம் பர்மா ரயில் பாதை அமைக்கும் கொடும்பணிக்குக் கொண்டு செல்லப்பட்டதும், அவர்களுள் எண்ணற்றோர் திரும்பி வாராததும் அவ்வாண்டுகளிலேதான். உங்கள் வீட்டு முதியோரைக் கேளுங்கள். தம் தந்தையோ பாட்டனோ சயாமுக்குப் போனதைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருப்பர்.

1948ஆம் ஆண்டு போட்டி மீண்டும் உயிர்பெற்றது. நெகிரி செம்பிலான் வாகை சூடியது. அதற்குப்பின் ஒரேயொரு முறைதான் போட்டி தடைப்பட்டது. 2020ஆம் ஆண்டில் கொரோனா நச்சுநோய் பரவியபோது அது கைவிடப்பட்டது. பள்ளிக் கதவுகளும் மூடப்பட்டு, நீங்கள் வீட்டிலிருந்தே பாடம் படித்த காலம் அது.

மலாயா மலேசியாவாகியது

நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் மெர்டேக்கா அரங்கம் எழுந்தது. நம் முதற்பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அவர்களே காற்பந்துச் சங்கத்தின் தலைவராகவும் பல்லாண்டுகள் விளங்கினார். கிண்ணத்தின் இறுதியாட்டம் என்றால் மெர்டேக்கா அரங்கம் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. 1967ஆம் ஆண்டில் 'மலாயாக் கிண்ணம்' என்ற பெயர் 'மலேசியக் கிண்ணம்' என மாறியது. புதிய கிண்ணமும் செய்யப்பட்டது. புதிய பெயரில் நடந்த முதற் போட்டியில் பேராக் வெற்றி பெற்றது.

அக்கிண்ணத்தை அதிக முறை வென்ற பெருமை நாம் வாழும் சிலாங்கூர் மாநிலத்துக்கே உரியது. 1922ஆம் ஆண்டு முதல் 2015ஆம் ஆண்டு வரை 33 முறை சிலாங்கூர் வாகை சூடியுள்ளது. அடுத்த நிலையில் சிங்கப்பூர் 24 முறை வென்றுள்ளது. சிங்கப்பூர் 1965ஆம் ஆண்டில் தனி நாடாகப் பிரிந்த பின்னரும் இப்போட்டியில் பங்கேற்று வந்தமை வியப்புக்குரியது. 1994ஆம் ஆண்டு ஷா ஆலாம் அரங்கில் பகாங்கை 4-0 என்ற கோல் கணக்கில் வென்று கிண்ணத்தை எடுத்துச் சென்ற சிங்கப்பூர், அத்துடன் போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. 1999ஆம் ஆண்டில் அண்டை நாடாகிய புருணை வென்றது.

கோலாலம்பூர் 1974ஆம் ஆண்டில் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமாயிற்று. அதன்பின் தனி அணியாக உருவான கோலாலம்பூர் 1987, 1988, 1989 ஆகிய மூன்றாண்டுகளும் இறுதியாட்டத்தில் கெடாவைச் சந்தித்து, மூன்று முறையும் வென்றது. அதற்குப்பின் 32 ஆண்டுகள் காத்திருந்து, போட்டி தொடங்கி நூறாண்டு நிறைந்த 2021ஆம் ஆண்டில் ஜொகூர் டாருல் தக்சிம் அணியை 2-0 எனத் தோற்கடித்து மீண்டும் வாகை சூடியது. 2003ஆம் ஆண்டில் எம்.பி.பி.ஜே. எனப்படும் பெட்டாலிங் ஜெயா நகராண்மைக் கழகத்தின் அணி கிண்ணத்தை வென்றது. மாநில அணியாக அல்லாமல், ஒரு கழக அணி அதனை வென்றது அதுவே முதன்முறை. அண்மைக் காலத்தில் ஓங்கி நிற்பது ஜொகூர் டாருல் தக்சிம். 2022, 2023, 2024-25 ஆகிய பருவங்களில் தொடர்ச்சியாக அவ்வணி கிண்ணத்தை வென்றது.

லீக் வேறு, கிண்ணம் வேறு

லீக் போட்டிக்கும் கிண்ணப் போட்டிக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் பலர் அறியார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதனைத் தோட்டத்து மொழியிலேயே விளக்கலாம்.

லீக் என்பது பால்மரம் சீவுவதைப் போன்றது. ஒவ்வோர் அணியும் மற்றெல்லா அணிகளோடும் ஆடும். வென்றால் மூன்று புள்ளி. சமநிலை கண்டால் இரு அணிகளுக்கும் ஒவ்வொரு புள்ளி. தோற்றால் ஒன்றுமில்லை. ஒரு நாள் மழை பெய்து பால் கெட்டாலும் மாத இறுதியில் மொத்த எடையைப் பார்த்துத்தானே கணக்கு முடிப்பார்கள்? அதுபோல, ஓர் ஆட்டத்தில் தோற்ற அணியும் மற்ற ஆட்டங்களில் அயராது உழைத்து முதலிடம் பெறலாம். நீடித்த உழைப்புக்கு உரிய பரிசு அது.

கிண்ணப் போட்டி தேர்வைப் போன்றது. இரண்டு அணிகள் மோதும். தோற்றது வீட்டுக்குப் போகும். வென்றது அடுத்த சுற்றுக்குப் போகும். பதினாறு அணிகள் எட்டாகும், எட்டு நான்காகும், நான்கு இரண்டாகும், இரண்டில் ஒன்றே எஞ்சும். இவ்வாறு குறைந்துகொண்டே போவதைக் கணிதப் பாடத்தில் நீங்கள் படித்த பாதி பாதியாக்கும் முறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதினாறு அணிகளுள் வெற்றியாளரைக் காண நான்கு சுற்றுகளே போதும்.

எனினும், ஒரே ஆட்டத்தில் ஓர் அணியின் தலைவிதியை முடிவு செய்வது நியாயமா? சொந்தத் திடலில் ஆடுவோர்க்கு மக்களின் ஆரவாரம் துணை நிற்குமன்றோ? அதன் பொருட்டே இறுதியாட்டத்துக்கு முந்திய சுற்றுகளில் இரண்டு ஆட்டங்கள் வைக்கப்படுகின்றன. ஒன்று சொந்தத் திடலில், மற்றொன்று எதிரணியின் திடலில். இரண்டிலும் போட்ட கோல்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். எடுத்துக்காட்டாக, முதலாட்டத்தில் ஓர் அணி 2-1 என வென்று, மறு ஆட்டத்தில் 0-2 எனத் தோற்றால், மொத்தக் கணக்கு 2-3 ஆகும். எனவே, எதிரணியே அடுத்த சுற்றுக்குச் செல்லும். இறுதியாட்டம் மட்டும் ஒரே ஆட்டம். அதில் கூடுதல் நேரம் கொடுத்தும் சமநிலை நீங்காவிடில் பெனால்டி உதைகளால் வெற்றி முடிவு செய்யப்படும். 2016ஆம் ஆண்டில் கெடாவும் 2018ஆம் ஆண்டில் பேராக்கும் அவ்வாறே வென்றன.

லீக்கும் கிண்ணமும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. நம் நாட்டில் முதலில் பிறந்தது கிண்ணமே. 1982ஆம் ஆண்டில் மலேசிய லீக் தொடங்கப்பெற்றபோது, கிண்ணத்துக்குத் தகுதி பெறும் அணிகளைத் தேர்ந்தெடுக்கும் வழியாகவே அது அமைந்தது. 1989ஆம் ஆண்டில் பகுதிநேரத் தொழில்முறை லீக் வந்தது. 1994ஆம் ஆண்டில் முழுநேரத் தொழில்முறை லீக்கும், 2004ஆம் ஆண்டில் சூப்பர் லீக்கும் தோன்றின. நாள்தோறும் வேலை செய்பவனே தேர்வில் அமரத் தகுதி பெறுகின்றான் என்ற நியதி இதில் அடங்கியிருக்கின்றது.

நம்மவர் பெற்ற புகழ்

இவ்வரலாற்றில் நம்மவர்க்கு இடமுண்டா என்று கேட்பீர்களாயின், உண்டு என்று தலைநிமிர்ந்து கூறலாம்.

சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் கோல் காவலராக நின்ற ஆர். ஆறுமுகம் கிள்ளான் வட்டாரத்தைச் சேர்ந்தவர். நீண்ட கைகளால் பாய்ந்து பாய்ந்து பந்தைப் பிடித்தமையால் மக்கள் அவரை 'ஸ்பைடர்மேன்' என்று அழைத்தனர். 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் மலேசியா 2-1 எனத் தென்கொரியாவை வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது கோல் முனையில் நின்றவர் அவரே. அரசியல் காரணங்களால் அவ்வொலிம்பிக்கை மலேசியா புறக்கணித்தது. ஆகவே, அவ்வணி மாஸ்கோ செல்லவில்லை. 1988ஆம் ஆண்டு டிசம்பரில் ஆறுமுகம் சாலை விபத்தில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 35. 2016ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஓலா போலா' என்ற மலாய்த் திரைப்படம் அக்கால அணியை நினைவூட்டுவது. அதில் வரும் தமிழ்க் கோல் காவலரைக் கண்டபோது அரங்கில் பலர் கண் கலங்கியதை நாம் நேரில் கண்டோம்.

1972ஆம் ஆண்டு மூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசிய அணியில் எம். சந்திரன் இடம்பெற்றிருந்தார். அவ்வணி அமெரிக்காவை 3-0 என வென்றது. சிலாங்கூருக்கு ஆடிய கே. ராஜகோபால், பின்னர் தேசியப் பயிற்றுநராகி, 2009ஆம் ஆண்டு சீ விளையாட்டுப் போட்டியில் தங்கப் பதக்கத்தையும், 2010ஆம் ஆண்டு தென்கிழக்காசியக் கிண்ணத்தையும் நாட்டுக்குப் பெற்றுத் தந்தார்.

இவர்கள் தனியாக வென்றவர்கள் அல்லர் என்பதையும் மறத்தலாகாது. ஆறுமுகத்துக்கு முன்னே தற்காப்பு அரண்போல் நின்றவர்கள் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும். நாட்டுக்காக 89 கோல்கள் போட்ட மொக்தார் டகாரி சிலாங்கூரின் கண்மணியாக விளங்கியவர். மலாய்க்காரர், சீனர், தமிழர், சீக்கியர் என்ற வேறுபாடின்றி ஒருவர் உதைத்த பந்தை மற்றவர் நம்பி ஓடினர். கிண்ணம் கற்பித்த பெரும் பாடம் அதுவே.

ஒரு மாலையும் ஒரு படிவமும்

1982ஆம் ஆண்டில் நாம் ஆறாம் வகுப்பு மாணவராக இருந்தோம். நம் தாய்மாமன் ரயில்வே ஊழியர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வாழ்ந்து வந்தார். அவ்வாண்டு மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தைக் காண நம்மை அவர் அழைத்துச் சென்றார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து மெர்டேக்கா அரங்கத்துக்கு நடந்தே சென்றோம். வழியெங்கும் சிவப்பும் மஞ்சளும் உடுத்த மக்கள் கூட்டம். சிலாங்கூர் திரெங்கானுவை வென்றது. கோல் விழுந்தபோது முன்பின் அறியாத மலாய்ப் பெரியவர் ஒருவர் நம்மைத் தூக்கிக் கொண்டாடியது இன்றும் நினைவில் நிற்கின்றது. லயத்து வீட்டுக்கு வெளியே ஓர் உலகம் உண்டு என்றும், அவ்வுலகில் நமக்கும் இடமுண்டு என்றும் நாம் முதன்முதலில் உணர்ந்த நாள் அது.

இத்துணை இன்பத்தைத் துய்த்த நாமே, பிற்காலத்தில் ஒரு பிழை செய்தோம். அதனை இவ்விதழில் ஒப்புக்கொள்வது நம் கடமை.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த புதிதில் வேறொரு தோட்டப் பள்ளியில் பணியாற்றினோம். ஆறாம் ஆண்டில் ஒரு மாணவன் இருந்தான். நெடிய கைகள், கூர்ந்த பார்வை. கோல் முனையில் அவன் நின்றால் பந்து உள்ளே செல்லாது. மாவட்ட அணித் தேர்வுக்கு அவனுக்கு அழைப்பு வந்தது. தந்தையும் படிவத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்தார். ஆனால், அதே வாரத்தில் பள்ளியில் முன்தேர்வு. "படிப்பா, பந்தா?" என்று நாம் அவனைக் கேட்டோம். அவன் விடை கூறவில்லை. அப்படிவத்தை நம் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினோம். அனுப்பவே இல்லை.

அவன் தேர்வெழுதினான். பெறுபேறு நடுத்தரமாகவே அமைந்தது. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டான். பல்லாண்டுகளுக்குப் பின்னர், செம்பனைக் குலைகள் ஏற்றிய லாரியை ஓட்டி வந்தவன் சாலையோரத்தில் நிறுத்தி, இறங்கி வந்து வணங்கினான். "ஐயா, அந்தப் பாரம் இன்னும் உங்களிடந்தான் இருக்கிறதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அவன் பாரம் என்றது தாளை. நமக்கோ அச்சொல் வேறு பொருளிலும் விளங்கிற்று. அவன் மாநிலத்துக்கு ஆடியிருப்பான் என்று நாம் சொல்ல முடியாது. ஆடியிருக்க மாட்டான் என்றும் சொல்ல முடியாது. அதனை அறியும் வாய்ப்பை நாம் அவனுக்கு மறுத்துவிட்டோம் என்பதே உண்மை.

பானையில் சோறு வேகுமா?

இனி, அத்தந்தையின் வினாவுக்கு வருவோம்.

உள்ளதை உள்ளவாறே கூறுவோம். காற்பந்தையே தொழிலாகக் கொண்டு வாழ்வோர் நூற்றுக்கணக்கான சிறுவருள் ஓரிருவரே. அவ்வாறு வாழ்வோர்க்கும் காலில் அடிபட்டால் பிழைப்புப் போகும். நம் நாட்டில் சில அணிகள் ஆட்டக்காரர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் கொடாமல் நிறுத்தி வைத்த செய்திகளையும் நாளேடுகளில் படித்திருக்கிறோம். எனவே, பந்தை மட்டுமே நம்பிப் பானையை அடுப்பில் ஏற்ற வேண்டா. அத்தந்தையின் அச்சம் நியாயமானதே.

ஆனால், பந்தை அறவே விலக்கினால் படிப்பு தானே வந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. நம் அனுபவத்தில், மாலையில் திடலில் ஓடிய பிள்ளைகள் பலரும் மறுநாள் வகுப்பில் விழிப்போடு இருக்கின்றனர். தோல்வியைத் தாங்கிக்கொள்ளவும், வென்றபோது அடங்கி நிற்கவும், தனக்கு வந்த பந்தைத் தக்க சமயத்தில் பிறர்க்கு விட்டுக்கொடுக்கவும் அவர்கள் கற்கின்றனர். பிற இனப் பிள்ளைகளோடு அச்சமின்றிப் பழகுகின்றனர். திடலில் பொழுது போக்கும் சிறுவனுக்குத் தீய கூட்டத்தோடு சேரப் பொழுதிருப்பதில்லை. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பர். உடலும் ஒழுக்கமும் அச்சுவர். கல்வி அச்சித்திரம்.

ஆகவே, நம் பள்ளியில் ஓர் ஒழுங்கை ஏற்படுத்தியுள்ளோம். செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்து மணி முதல் ஆறு மணி வரை காற்பந்துப் பயிற்சி நடைபெறும். வீட்டுப் பாடத்தை முடித்தவரே திடலில் இறங்கலாம். மாணவியர்க்கும் இடமுண்டு. துங்குவின் துணைவியார் துன் ஷரிபா ரொட்சியா அவர்களின் பெயரால் மகளிர் காற்பந்துக்கும் நாடளாவிய கிண்ணம் உண்டென்பதைப் பெண்ணைப் பெற்றோர் அறிவாராக. தேர்வு நாளும் அணித் தேர்வு நாளும் ஒன்றாக வந்தால், அம்மாணவனுக்கு முன்தேர்வை வேறொரு நாளில் வைப்போம். எந்தப் படிவமும் இனி இழுப்பறையில் உறங்காது. இது நம் வாக்குறுதி.

உங்களிடம் நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, பிள்ளை கொண்டுவரும் படிவத்தைப் படித்துப் பார்த்து, விருப்பமாயின் கையொப்பமிட்டு அனுப்புங்கள். விருப்பமில்லையாயின் நேரில் வந்து காரணத்தைக் கூறுங்கள். இரண்டாவது, திடலின் ஒரு பாதியில் லாலான் புல் முழங்காலளவு வளர்ந்துள்ளது. பாம்புக்கு அஞ்சிப் பிள்ளைகள் மறு பாதியிலேயே ஆடுகின்றனர். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை புல்வெட்டும் இயந்திரத்தோடு நால்வர் வந்தால் போதும். மூன்றாவது, வளர்ந்த பிள்ளைகளுக்குச் சிறிதாகிவிட்ட காற்பந்துக் காலணிகளை எறியாமல் பள்ளிக்குத் தாருங்கள். தம்பிமார்க்கு அவை புதியனவே.

மாணவச் செல்வங்களே! கிண்ணத்தை யார் வாங்கிக் கொடுத்தார் என்று வகுப்பில் ஒருவன் கேட்டானல்லவா? கொடுத்தவர்கள் கப்பல்காரர்கள். கப்பலைக் கொடுத்தது இந்நாடு. இந்நாட்டின் கருவூலத்தை நிறைத்தவர்களுள் உங்கள் பூட்டனும் பூட்டியும் உண்டு. ஆகையால், அக்கிண்ணத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது எவருடையதோ என்று ஒதுங்கி நில்லாதீர்கள். அதில் உங்களுக்கும் பங்குண்டு. நன்கு படியுங்கள், நன்கு ஆடுங்கள். செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்குத் திடலில் சந்திப்போம்.

வளர்க நம் பள்ளி! வாழ்க நம் தோட்ட மக்கள்!

— தலைமையாசிரியர்